முகப்பு பழசு, உள்ளே புதுசு

பழைய ஆம்ப்ளிஃபையரை விலை பேசும்போது பெரும்பாலோர் முகப்பைத்தான் பார்ப்பார்கள். அலுமினிய முகப்பு, கனமான நாப், ஊசி ஆடும் மீட்டர் இதெல்லாம் கண்ணை இழுக்கும். நான் முதலில் தூக்கிப் பார்ப்பேன். ஒரு பக்கம் கையை இழுத்தால் அந்தப் பக்கம் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது என்று அர்த்தம். அது நல்ல கனமாக இருந்தால், மற்ற எல்லாம் செத்துப் போயிருந்தாலும் அந்தப் பெட்டிக்கு இன்னொரு வாழ்வு உண்டு. செம்புக் கம்பியும் இரும்புத் தகடும் அலுமினிய ஹீட் சிங்க்கும் நாற்பது, ஐம்பது வருடம் தாங்கும். கண்டென்சர், சுவிட்ச், பழுப்பு நிறப் போர்டு, இவைதான் முதலில் போகும். இன்றைக்குக் கடையில் வாங்க விலை அதிகமாகும் பொருள்கள் எவையோ அவைதான் பழைய செட்டில் கெடாமல் கிடக்கின்றன. கெட்டுப் போனவை மலிவாகக் கிடைக்கும். இந்தக் கணக்குப் புரிந்த பிறகுதான் நான் செத்த ஆம்ப்களைப் பார்த்து வருத்தப்படுவதை நிறுத்தினேன்.

எனக்குக் கடலூர். சிப்காட்டில் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியன் வேலை. ஆம்ப் பார்ப்பது தொழில் இல்லை, ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். இங்கே சொல்லப்போகும் செட் புதுச்சேரியில் ரெயின்போ நகர்ப் பக்கம், என் அக்கா வீட்டுக்கு எதிர்வீட்டில் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷனோடு திரும்பிய சொல்தா. எழுபதுகளின் கடைசியில் பிரான்சில் வாங்கி, கப்பலில் கொண்டுவந்தாராம். ஜப்பான் தயாரிப்பு, சேனலுக்கு நாற்பது வாட்டுக்குள் இருக்கும் ஸ்டீரியோ ஆம்ப். ஐரோப்பாவுக்கென்று செய்தது என்பதால் பின்பக்கம் பாதி ஆர்சிஏ சாக்கெட், பாதி ஐந்து ஓட்டை போட்ட டின் (DIN) வகை சாக்கெட். பெரியவர் போய்ச் சில வருடம் ஆகிறது. செட் ஹாலில் டிவி ஷோகேஸின் கீழ்த்தட்டில் இருந்தது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை ஏறி, நகராமல் தலைக்கு மேலேயே நின்றது. ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. தாழ்வான நகர்கள் எல்லாம் முழங்கால், இடுப்பு அளவுக்குத் தண்ணீர். அது வடிவதற்குள் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் இறங்கி, எங்கள் கடலூர்ப் பக்கத்துக் கரையோர ஊர்களை முழுக அடித்தது. நான் அக்கா வீட்டுக்குப் போக முடிந்தபோது எதிர்வீட்டு வாசலில் மெத்தை, மிக்ஸி, ஃபைல்கள் எல்லாம் காய்ந்துகொண்டிருந்தன. நடுவில் இந்த ஆம்ப்.

"பழைய இரும்புக் கடைக்காரன் எடைக்குக் கேக்கறான் தம்பி. நீ ஒருவாட்டி பாத்துச் சொல்லேன்" என்றார் அந்த அம்மா. பார்க்கிறேன் என்றதும் இன்னொன்றும் சொன்னார். "அவரு தினம் திருகின சாமான். பாட்டு வந்தாப் போதும். உள்ள என்ன இருந்தா எனக்கென்ன?"

அந்த ஒரு வாக்கியம் எனக்குப் பெரிய உதவி. பழைய செட்டைக் கையில் எடுக்கிற எவரும் அதன் சொந்தக்காரரிடம் இதைக் கேட்டுவிட வேண்டும்: உங்களுக்கு வேண்டியது அந்தப் பொருளா, அதன் சத்தமா, அதைத் தொடும் பழக்கமா? பதிலைப் பொறுத்து வேலையே மாறும்.

ஆனால் அதற்கு முன்பே ஒரு விஷயம் நடந்துவிட்டிருந்தது. இரண்டு நாள் வெயிலில் வைத்துவிட்டு, வீட்டில் யாரோ ஒரு பையன் ஓடுகிறதா பார்க்கலாம் என்று பிளக்கைச் செருகியிருக்கிறான். டப்பென்று ஒரு சத்தம், கருகல் வாசனை. மூடியைக் கழற்றியபோது வெள்ளம் கெடுத்ததைவிட அந்தச் சில நொடிகள் கெடுத்ததுதான் அதிகம் என்று தெரிந்தது. வெள்ளத் தண்ணீர் வெறும் தண்ணீர் இல்லை. சாக்கடை, உப்பு, வண்டல் எல்லாம் சேர்ந்தது. மேலே பார்க்கக் காய்ந்தது போலத் தெரியும். டிரான்சிஸ்டர் கால்களுக்கு நடுவே படிந்த சேறு காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மின்சாரத்தைக் கடத்தும். பவர் டிரான்சிஸ்டரைத் திறக்கும் காலான பேஸுக்குத் தப்பான இடத்திலிருந்து கொஞ்சம் கரன்ட் கசிந்தாலே போதும், அது முழுசாகத் திறந்து எரிந்துவிடும். மூழ்கின எந்தப் பொருளையும், கழுவி, காயவைத்து, அளந்து பார்க்காமல் பிளக்கில் செருகக் கூடாது. ஃபிரிட்ஜுக்கும் இன்வெர்ட்டருக்கும் இதே விதிதான்.

கழுவுவதைச் சொன்னால் பலர் முகம் சுளிப்பார்கள். எலக்ட்ரானிக்ஸை மறுபடியும் தண்ணீரில் போடுவதா? ஆமாம். சேறு காய்ந்து கெட்டியானபின் அதை எடுக்க வேறு வழி இல்லை. டிரான்ஸ்ஃபார்மரைத் தனியாகக் கழற்றி வைத்துவிட்டு, போர்டுகளைச் சாதாரணத் தண்ணீரில் ஊறவைத்து, பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்தேன். நம் ஊர் போர் தண்ணீர் உப்பு என்பதால் கடைசிக் கழுவல் மட்டும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில். அதன்மேல் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால். அது மிச்ச ஈரத்தைத் துரத்திக்கொண்டு ஆவியாகும். மீட்டர், ஸ்பீக்கர் போன்ற ஊசியும் காகிதமும் உள்ளவற்றை இப்படி நனைக்கக் கூடாது. அதிர்ஷ்டவசமாக மீட்டர்கள் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருந்தன. போர்டுகளை நிழலில் ஃபேன் காற்றில் காயவிட்டேன். மொட்டை மாடி வெயில் பிளாஸ்டிக் நாபையும் பழைய ஒயர் உறையையும் கெடுத்துவிடும்.

டிரான்ஸ்ஃபார்மர்தான் பொறுமையைச் சோதிக்கும். அதன் சுருள்களுக்கு நடுவே காகிதம் இருக்கிறது. தண்ணீர் குடித்த காகிதம் லேசில் விடாது. ஒரு பெரிய அட்டைப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மரை வைத்து, பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டு, பெட்டியின் மேலே ஓட்டை போட்டு ஈரம் வெளியேற வழி செய்தேன். பல்பு அட்டையைத் தொடாமல் இருக்க வேண்டும், ஆள் இல்லாத வீட்டில் எரியவிடக் கூடாது. உள்ளே சூடு ஐம்பது, அறுபது டிகிரி போதும். காய்ந்ததா என்று கையால் தொட்டுப் பார்த்து முடிவு செய்ய முடியாது. வேலையிடத்து நண்பரிடம் மின்கசிவை அளக்கும் 500 வோல்ட் மெகர் வாங்கி, மெயின் கரன்ட் ஏறும் பிரைமரிச் சுருளுக்கும் இரும்புக்கும் நடுவே அளந்தேன். முதலில் ஒரு மெகா ஓம்கூட இல்லை. நாளாக ஆக ஏறி, கடைசியில் நூறைத் தாண்டி அங்கேயே நின்றது. அதன்பிறகுதான் அதை நம்பினேன். மெகர் இல்லாதவர்கள் மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேட்டால் அளந்து கொடுப்பார்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை.

இங்கே ஒரு இடைச்செருகல். பிரைமரி கட் ஆகியிருந்தால் டிரான்ஸ்ஃபார்மர் போச்சு என்று தூக்கிப் போடாதீர்கள். பல பழைய டிரான்ஸ்ஃபார்மர்களில் மேல் காகிதத்துக்கு அடியில், சுருளோடு ஒட்டி, ஒரு தெர்மல் ஃப்யூஸ் இருக்கும். சூட்டில் அறுந்தது அதுவாக இருக்கலாம். அதே டிகிரி அளவுள்ள புதிய ஒன்றைப் போடலாம். நேரடியாக ஒயரை முறுக்கி இணைத்துவிடுவது மட்டும் வேண்டாம். அந்த ஃப்யூஸ் இருப்பது வீடு எரியாமல் இருக்க.

முதல் தடவை கரன்ட் கொடுக்கும்போது சீரீஸ் லேம்ப் இல்லாமல் நான் எதையும் தொடுவதில்லை. மெயின் லைனில் வரிசையாக அறுபது அல்லது நூறு வாட் குண்டு பல்பு ஒன்று. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரியும், செட் தப்பிக்கும். எல்லாம் சரி என்றால் ஒரு நொடி மின்னிவிட்டு மங்கிவிடும். எல்இடி பல்பு இதற்கு உதவாது, இழை உள்ள பல்புதான் வேண்டும். கடையில் இப்போது தேடித்தான் வாங்க வேண்டியிருக்கிறது, கிடைத்தால் இரண்டு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் தனியாக இணைத்தேன். பல்பு மின்னி அடங்கியது. ஆக, பாதி செட் பிழைத்தது.

அப்போது கவனித்த இன்னொரு விஷயம் முக்கியமானது. பின்பக்கத் தகட்டில் 220 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. அன்றைய பிரான்சுக்குச் சரி. அக்கா வீட்டுத் தெருவில் இரவில் அளந்தால் 240க்கு மேல் காட்டுகிறது. பிரைமரியில் பத்து சதவீதம் ஏறினால், செட்டுக்குக் கரன்ட் கொடுக்கும் செகண்டரிச் சுருளிலும் பத்து சதவீதம் ஏறும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய செட்டுகள் நம் ஊரில் கை சுடும் அளவுக்குச் சூடாவதற்கு இது ஒரு பெரிய காரணம். சில செட்டில் ஃபில்டர் கண்டென்சர் 35 அல்லது 40 வோல்ட்டுக்கானதாக இருக்கும். அது எல்லையிலேயே உட்கார்ந்திருக்கும். மேலே என்ன எழுதியிருக்கிறது என்று நம்பாமல், உங்கள் வீட்டு கரன்டில் என்ன வருகிறது என்று அளந்துவிட்டுத்தான் எதையும் வாங்க வேண்டும். இந்த டிரான்ஸ்ஃபார்மர் லோடு இல்லாமல் 27-0-27 ஏசி கொடுத்தது. ரெக்டிஃபை செய்தால், அதாவது டிசியாக மாற்றினால், பிளஸ் 37, மைனஸ் 37.

இனி போர்டுகள். பவர் போர்டில் வலது சேனலின் இரண்டு பெரிய டிரான்சிஸ்டர்களும் கலெக்டரிலிருந்து எமிட்டருக்கு நேராக ஷார்ட். அவற்றை ஓட்டும் சின்ன டிரான்சிஸ்டர்களும் கருகியிருந்தன. இடது சேனல் உயிரோடுதான் இருந்தது. ஆனால் போர்டு அந்தக் காலத்துப் பழுப்பு நிறக் காகிதப் போர்டு. ஊறின அப்பளம் போல ஓரம் உப்பி, செம்புக் கோடுகள் இடம்விட்டு எழும்பியிருந்தன. சால்டரிங் அயர்ன் பட்டாலே கோடு கையோடு வருகிறது. டோன் கன்ட்ரோல் போர்டும் ரெக்கார்டு பிளேயருக்கான போனோ போர்டும் பச்சை பூத்துக் கிடந்தன.

மூன்று வழி இருந்தது. ஒன்று, ஒரிஜினல் டிரான்சிஸ்டர்களைத் தேடிப் போட்டு, கோடுகளை ஒயரால் இழுத்து, அதையே உயிர்ப்பிப்பது. பழசை அப்படியே காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள், சென்னையில் இருக்கும் என் நண்பர் உட்பட. அந்தக் காலத்து ஜப்பான் டிரான்சிஸ்டர்கள் உற்பத்தி நின்று பல காலம் ஆகிறது. இன்று அதே நம்பரில் சந்தையில் கிடைப்பதில் பெரும்பங்கு, வேறு எதையோ துடைத்து நம்பர் அச்சடித்தது. உலோகத் தொப்பி போட்ட டிரான்சிஸ்டர் என்றால், வாங்கியதில் ஒன்றின் தொப்பியை அரத்தால் அறுத்துத் திறந்து பாருங்கள். உள்ளே சிலிக்கான் துண்டு கடுகளவுதான் இருக்கிறது என்றால் அந்தக் கடைக்கு மறுபடி போக வேண்டாம். புதிய காலத்து 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடியிலும் போலி ஏராளம்.

இரண்டாவது வழி, இருநூறு முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதிகம் சூடாகாத கிளாஸ் டி ஆம்ப் போர்டு. டிபிஏ3116 ஐசி போட்டது எங்கும் கிடைக்கிறது. கேட்கவும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதற்கு 26 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக் கூடாது, ஒற்றை சப்ளை போதும். அப்படியென்றால் இவ்வளவு கஷ்டப்பட்டுக் காயவைத்த டிரான்ஸ்ஃபார்மருக்கும் பெரிய ஹீட் சிங்க்குக்கும் வேலையே இல்லை. டிரான்ஸ்ஃபார்மர் செத்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் செய்திருப்பேன், ஒரு லேப்டாப் அடாப்டரும் அந்தப் போர்டுமாக அரை நாளில் முடிந்திருக்கும்.

நான் எடுத்தது மூன்றாவது வழி. சேனலுக்கு ஒரு எல்எம்3886, பவர் ஆம்ப் முழுவதும் ஒரே ஐசியில். நேஷனல் செமிகண்டக்டர் செய்தது. 2011இல் அந்த நிறுவனத்தை டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வாங்கியது. பாட்டு ஓடும்போது இரண்டு பக்கமும் சேர்த்து 84 வோல்ட் வரை தாங்கும். நம்மிடம் 74. இதே வேலை செய்யும் டிடிஏ7294 ஐசி மலிவுதான், ஆனால் அதன் எல்லை பிளஸ் மைனஸ் 40. நம் தெருவில் வோல்டேஜ் இன்னும் ஏறும் நாளில் அது ரொம்ப நெருக்கம். இந்த சப்ளையில் எட்டு ஓம் ஸ்பீக்கர் மட்டுமே போட வேண்டும். நாலு ஓம் போட்டால் எல்எம்3886 தன்னைக் காப்பாற்றிக்கொள்ள இடையிடையே வெட்டும், பாட்டு கரகரக்கும். அந்த அம்மாவின் பெட்டிகள் எட்டு ஓம். சுவர்ப் பலகையில் உயரத்தில் இருந்ததால் அவை நனையவும் இல்லை.

இந்த ஐசியில் இரண்டு விஷயம் தெரிந்திருந்தால் தலைவலி குறையும். பின்பக்க உலோகம் மைனஸ் சப்ளையோடு இணைந்தது. மைக்காவோ சிலிக்கான் பேடோ வைக்காமல் ஹீட் சிங்க்கில் இறுக்கினால் ஷார்ட். பின்பக்கமும் பிளாஸ்டிக் மூடிய டிஎஃப் வகையில் அந்தக் கவலை இல்லை, சூடு மட்டும் கொஞ்சம் மெதுவாக இறங்கும். அடுத்தது, எட்டாம் கால் மியூட். அதிலிருந்து மைனஸ் சப்ளைக்கு ரெசிஸ்டர் வழியாகக் கரன்ட் போனால்தான் சத்தம் வரும். மலிவு போர்டு ஒன்றில் அந்த ரெசிஸ்டரின் சால்டர் விட்டிருந்தது. ஐசி போலி என்று தூக்கிப் போடும் முன் அந்தக் காலை அளந்து பாருங்கள்.

சப்ளைக்குப் பழைய கண்டென்சர்களை எடுத்துவிட்டு 10,000 மைக்ரோ ஃபாரட், 63 வோல்ட் இரண்டு. ஏசியை டிசியாக்க, சேசிஸில் இறுக்கும் 25 ஆம்பியர் பிரிட்ஜ். பிரைமரியில் ஒரு ஆம்பியர் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ். இனி கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் கண்டென்சரை நூறு ஓம், பத்து வாட் ரெசிஸ்டரால் வடித்துவிட வேண்டும். சிலர் ஸ்குரூ டிரைவரை வைத்து ஷார்ட் பண்ணுவார்கள். அந்தப் பொறியில் கண்டென்சரும் கெடும், சில சமயம் கண்ணும்.

எர்த் விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். செட்டோடு வந்தது இரண்டு கம்பி ஒயர். உலோகப் பெட்டி, ஈரத்தில் கிடந்த பழைய டிரான்ஸ்ஃபார்மர், வயதான ஒருவர் தினமும் தொடப்போகும் நாப். மூன்று பின் ஒயர் போட்டு, எர்த்தை சேசிஸில் பெயின்டைச் சுரண்டிவிட்டு இறுக்கினேன். பழைய அழகு கெடும் என்று இதை விட்டுவிடுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

எர்த் போட்டதும் எதிர்பார்த்தபடி ஹம் வந்தது. ஐம்பது, நூறு சைக்கிள் உறுமல். இது வந்தால் கண்டென்சரை இன்னும் பெரிதாக்கிப் பிரயோஜனமில்லை. கிரவுண்ட் ஒயர்கள் எங்கே சேர்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டு கண்டென்சரும் சேரும் நடுப்புள்ளியிலிருந்து ஒரு சின்ன செம்புத் துண்டு இழுத்து, ஸ்பீக்கர் மைனஸ், போர்டு கிரவுண்ட், இன்புட் கிரவுண்ட் எல்லாவற்றையும் அந்த ஒரே துண்டில் தனித்தனி ஒயரால் சேர்த்தேன். இன்புட் ஷீல்டு ஒயரை டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் போகாமல் பெட்டியின் எதிர் ஓரமாகச் சுற்றிவிட்டேன். கிரவுண்டுக்கும் சேசிஸுக்கும் நடுவே பத்து ஓம் ரெசிஸ்டர், அதற்குக் குறுக்கே எதிரெதிராக இரண்டு பெரிய டயோடு. ஸ்பீக்கரில் காதை வைத்தாலொழிய ஒன்றும் கேட்காத அளவுக்கு அடங்கியது.

ஸ்பீக்கரை இணைக்கும் முன் அவுட்புட்டில் டிசி எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஐம்பது மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எனக்குப் பத்தைச் சுற்றி வந்தது. அதற்கு மேலும் ஒரு ஸ்பீக்கர் புரொடெக்ஷன் போர்டு போட்டேன். யுபிசி1237 ஐசியும் ரிலேயும் உள்ளது, சில நூறு ரூபாய். ஆன் செய்து சில நொடி கழித்து டிக்கென்று ரிலே சேரும். ஆம்ப் என்றைக்காவது கெட்டு டிசி வந்தால் ரிலே பிரிந்துவிடும். நல்ல பழைய ஸ்பீக்கர் எரிந்தால் திரும்ப வாங்க முடியாது.

இதுவரை செய்தது எந்தப் பெட்டியிலும் செய்யும் வேலை. நான் நேரத்தைக் கொட்டியது முகப்பின் பின்னால்தான். அம்மா கேட்டது அந்த நாப்களை. வால்யூம் மட்டும் வேலை செய்து, பேஸ், ட்ரெபிள் வெறுமனே சுற்றினால் அது பொம்மை. சத்தத்துக்கு மட்டும் என்றால் ப்ரீ ஆம்ப் தேவையே இல்லை, போனிலிருந்தோ டிவியிலிருந்தோ வரும் ஒரு வோல்ட்டே இந்த ஐசியை முழுசாக ஓட்டிவிடும். இருந்தாலும் 5532 ஐசி வைத்த ஒரு டோன் போர்டு வாங்கி, அதன் புதிய கன்ட்ரோல்களைக் கழற்றிவிட்டு, முகப்பில் இருந்த பழையவற்றுக்கு ஒயர் இழுத்தேன். இரண்டும் நூறு கிலோ ஓம் என்பதால் ஒத்துப்போனது. பழைய கன்ட்ரோல்களைக் காண்டாக்ட் கிளீனர் அடித்து, பலமுறை திருகிவிட்டால் கரகரப்பு போய்விடும். துரு நீக்கும் சாதாரண ஸ்ப்ரே இதற்கு வேண்டாம், எண்ணெய் தங்கி நம் ஊர்த் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

டோன் போர்டுக்குப் பிளஸ் மைனஸ் 15 வேண்டும். கை பழக்கத்தில் 15 வோல்ட் ரெகுலேட்டர் ஐசியான 7815ஐப் போட்டுவிடத் தோன்றும். அதன் இன்புட் எல்லை 35 வோல்ட், நம்மிடம் 37. ஆகவே பக்கத்துக்கு ஒரு கிலோ ஓம் இரண்டு வாட் ரெசிஸ்டரும், வோல்டேஜை 15இல் பிடித்து நிறுத்தும் ஜீனர் டயோடும்.

புளூடூத் போர்டை அதே சப்ளையில் சேர்த்தால் பாட்டுக்கு நடுவே கீச்சென்று ஒரு டிஜிட்டல் இரைச்சல் வரும். அதற்குத் தனி சப்ளை கொடுப்பதே நிம்மதி. இங்கே பழைய டிரான்ஸ்ஃபார்மர் ஒரு பரிசு வைத்திருந்தது: மீட்டர் விளக்குகளுக்கென்று தனியாக எட்டு வோல்ட் சுருள். அதை ரெக்டிஃபை செய்து, ஐந்து வோல்ட் ரெகுலேட்டரான 7805 போட்டு, புளூடூத்துக்கும் மீட்டர் விளக்குக்கும் கொடுத்தேன். பழைய சின்ன பல்புகள் போய், மஞ்சள் எல்இடி வந்தது. வெள்ளை எல்இடி போட்டுப் பார்த்தேன், மருந்துக்கடை மாதிரி இருந்தது, எடுத்துவிட்டேன்.

உலோகப் பெட்டிக்குள் புளூடூத் போர்டை வைத்தால் அடுத்த அறையிலேயே விட்டு விட்டுக் கேட்கும். பின்பக்கம் டின் சாக்கெட் ஒன்றைக் கழற்றி, அந்த ஓட்டையில் பிளாஸ்டிக் மூடி வைத்து, போர்டின் ஆன்டெனா முனை அங்கே வரும்படி நிறுத்தினேன். மொட்டை மாடிப் படிவரை எடுக்கிறது. ஸ்பீக்கர் டெர்மினலுக்கும் புதிய ஓட்டை போடவில்லை. பழைய ஸ்பீக்கர் டின் ஓட்டைகளை மூடி ஒரு அலுமினியத் தகடு, அதில் புதிய டெர்மினல். சேசிஸில் எங்கும் டிரில் படவில்லை. கழற்றின போர்டுகள், டிரான்சிஸ்டர்கள், சாக்கெட்டுகள் எல்லாம் பெயர் எழுதிய கவர்களில் போட்டு அம்மாவிடமே கொடுத்திருக்கிறேன்.

சென்னை நண்பர் படத்தைப் பார்த்துவிட்டு, "நல்ல செட்டைக் கொன்னுட்டியேடா" என்றார். அவர் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. போர்டு நனையாமல், கண்டென்சர் மட்டும் வயதாகி, ஒரு சேனல் கரகரக்கும் செட் என்றால் அதன் உள்ளே கத்தரிக்கோல் வைப்பது பாவம்தான். அந்தக் காலத்து வேலைப்பாடு, சர்க்யூட், சத்தம் எல்லாவற்றுக்கும் மதிப்பு உண்டு, விற்கும் விலையும் உண்டு. இன்றைக்கும் அப்படி ஒன்று வந்தால் கண்டென்சரை மட்டும் மாற்றி மூடிவிடுவேன். வெள்ளத்தில் ஊறி எரிந்த காகிதப் போர்டுக்கு அந்த மரியாதையைக் கொடுத்து, வேலை செய்யாத ஒரிஜினலை ஷோகேஸில் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

உலோகப் பெட்டிக்கு மேலே மூடும் மரப்பெட்டி மரத்தூள் அட்டையில் செய்தது; கீழ்ப்பாதி உப்பி உதிர்ந்துவிட்டது. புதுச்சேரியில் இடித்த பழைய வீடுகளின் தேக்கு கிடைக்கும். தச்சரிடம் அளவு கொடுத்துச் செய்து வாங்கினோம், மேலே காற்றுத் துளைகளோடு. எல்லாம் சேர்த்து ஐந்தாயிரத்தைக் கொஞ்சம் தாண்டியது. அதில் கிட்டத்தட்ட பாதி இந்தப் பெட்டிக்கு. ஐசியை மட்டும் அங்கீகரித்த விற்பனையாளரிடம் பில்லோடு ஆன்லைனில் வாங்கினேன். மற்றவை சென்னை ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில். ஸ்க்ரூக்களுக்கு புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் துழாவினால் போதும் என்பார்கள், ஆனால் கடற்கரை ஊரில் ஸ்டீல் ஸ்க்ரூ மட்டும் புதிதாக வாங்குங்கள், துருப்பிடிக்காத ரகமாக.

உப்புக் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. சால்டரிங் முடிந்து ஃப்ளக்ஸைத் துடைத்தபின் போர்டுகளின் அடியில் மெல்லிய வார்னிஷ் ஸ்ப்ரே அடித்திருக்கிறேன். மழைக் காலத்தில் செட்டைச் சும்மா மூடி வைக்காமல் தினம் ஒரு மணி நேரம் ஓடவிடச் சொல்லியிருக்கிறேன், அந்தச் சூடே ஈரத்தை ஏற விடாது. வைக்கும் இடம் இப்போது ஷோகேஸின் மேல்தட்டு. பிளக் போர்டையும் சுவரில் மேலே ஏற்றிவிட்டோம்.

அம்மா காலையில் பக்திப் பாட்டும் மாலையில் பேரன் பிரான்சிலிருந்து அனுப்பும் பாட்டுகளும் வைக்கிறார். பேஸ் நாபைப் பெரியவர் வைத்த இடத்திலேயே வைத்திருக்கிறாராம், அதாவது கடைசி வரை திருகி. நான் நடுவில் வைக்கச் சொன்னேன், கேட்கவில்லை.

போன வாரம் கூப்பிட்டு, பரணில் இசைத்தட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருப்பதாகச் சொன்னார். மேலே இருந்ததால் நனையவில்லை. ரெக்கார்டு பிளேயர் நனைந்திருக்கிறது, பெல்ட் உருகி ஒட்டிக் கிடக்கிறது, ஊசி எங்கே என்று தெரியவில்லை. போனோ போர்டையும் நான்தான் கழற்றிக் கவரில் போட்டுவிட்டேன். ஊசியின் விலையை விசாரித்தேன், ஆம்புக்கு ஆன செலவைவிட அதிகம் சொல்கிறார்கள். இன்னும் அவரிடம் சொல்லவில்லை.